“சார் பின்னாடி வர்றாருங்களா?” – வேலையிடத்து அனுபவங்கள்

சர்வீஸ் பொறியாளர் (பெண்), அம்மாப்பேட்டை:
மோட்டார், பம்ப் பழுது பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள்தான். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட ஆரம்பித்துவிடும், அதனால் சீசனில் ஒரு மோட்டார் நின்றாலும் ‘உடனே ஆள் அனுப்புங்க’ என்று பதறுவார்கள். நான் போய் வண்டியை நிறுத்தினால் முதல் கேள்வி, “சார் பின்னாடி வர்றாருங்களா?”

போன சீசனில் ஒரு முதலாளி என்னிடம் பேசவே இல்லை. ஹெல்பர் பையனைப் பார்த்து, “பேரிங் போயிருச்சா தம்பி?” என்றார். அவன் என்னைப் பார்த்தான். “பேரிங் நல்லாத்தான் இருக்குதுங்க, வைண்டிங் எரிஞ்சிருக்குது” என்றேன் நான். அவர் மறுபடியும் அவனிடமே, “எப்ப ரெடியாகும்?” மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றும் வரை பேச்சு இப்படியே சுற்றி வந்தது. பில்லில் குறைக்கச் சொல்லும்போது மட்டும் “ஏம்மா...” என்று என் பக்கம் திரும்பினார்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

எஸ்டேட் அலுவலகம், ஏற்காடு:
எங்கள் மலையில் கதை வேறு. காபிப் பழம் பறிப்பது பெண்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பது ஆண்கள். ஏணி வேலைக்குக் கூலி கூட. விழுந்தால் இடுப்பு போய்விடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழுக்கும் சரிவில் நாள் முழுக்க நின்று பறித்து, மூட்டையைத் தலையில் வைத்து எடை போடும் இடம் வரை சுமந்து வருவது எப்படி ‘லேசான வேலை’ ஆனது? ஒரே வேலைக்கும் ஒத்த வேலைக்கும் இருபாலருக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. இது வேறு வேலை, அது வேறு வேலை என்று பிரித்து வைத்துவிட்டால் சட்டம் எங்கே நுழையும்?

பல வருஷமாகப் பறிக்கிற அக்கா ஒருவரை மேஸ்திரியாகப் போடலாமே என்று கேட்டேன். “ஆளுங்க பொம்பள பேச்சக் கேப்பாங்களா?” என்றார் மேனேஜர். அந்தக் குழுவில் இருப்பதே பெண்கள் மட்டும்தான்!

நர்ஸ் (ஆண்), சேலம் ஜங்ஷன்:
வார்டுக்குள் போனால் நான் ‘டாக்டர்’. ஸ்டெதஸ்கோப்போடு பின்னால் வரும் டாக்டரம்மா ‘சிஸ்டர்’. எத்தனை தடவை திருத்தினாலும் இதுதான். ஆனால் ஆளைத் தூக்குவது, இரவு டூட்டி எல்லாம் என் தலையில்.

நூற்பாலை, தரப் பிரிவு:
எங்கள் ஆலையில் இரவு ஷிஃப்டுக்குத் தனிப் படி உண்டு. பெண்களுக்கும் அந்த ஷிஃப்ட் கேட்டால், “பொம்பளைங்களுக்குச் சட்டத்துலயே இடமில்லம்மா” என்றார்கள். தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே ரத்து செய்துவிட்டது. பாதுகாப்பு, போக்குவரத்து வசதி எல்லாம் நிர்வாகம் செய்து தர வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. தீர்ப்பை அச்செடுத்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். “வேன் விடணும்மா, கட்டுப்படியாகாது.” சரி, உண்மைக் காரணமாவது வந்தது.

சர்வீஸ் பொறியாளர்:
ஏற்காட்டுக்காரரே, மேஸ்திரி விஷயம் என்ன ஆச்சு?

எஸ்டேட் அலுவலகம்:
மேனேஜர் இன்னும் யோசிக்கிறாராம். அக்காவிடம் சொன்னால், “எடைக்குப் பறிச்சா சீசன்ல மேஸ்திரிய விடக் கூட வருது கண்ணு. சம்பளம் என்னன்னு மொதல்ல கேட்டுட்டு வா” என்கிறார்.