கோவை மில் குடும்பத்தார் உதவ முடியுமா?

வணக்கம். கோவைக்கு 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பெயர் முதலில் எதில் அச்சானது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான மான்செஸ்டரோடு ஒப்பிடக் காரணம் தெளிவு: சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் மண், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று (நூல் அறுந்துபோகாமல் இருக்க அது முக்கியம்), 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில். ஆனால் 1930-களில் பைக்காரா (நீலகிரியில் உள்ள நீர்மின் நிலையம்) மின்சாரம் வந்த பிறகுதான் மில்கள் மளமளவெனப் பெருகின. பெயரும் அப்போதுதான் நிலைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் தாத்தா, அப்பா மில்லில் வேலை பார்த்தவர்களா? அந்தக் காலத்து மில் மலர், நூல் கட்டு லேபிள், நோட்டீஸ் எதிலாவது இந்தப் பெயர் இருந்தால், ஆண்டு தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். குறிப்பாகப் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கத்துக்காரர்கள் பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்களேன்.