புதுப்பிப்பு: ஃபார்மேட் ஆன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்கள் கிடைத்துவிட்டன

விண்டோஸை மீண்டும் நிறுவும்போது, படங்கள் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைத் தவறுதலாகக் குவிக் ஃபார்மேட் செய்துவிட்டதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடியே அதில் எதையும் எழுதாமல், டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு வேறொரு டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் மீதே, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டேன். குவிக் ஃபார்மேட் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுவதால் தரவு அப்படியே கிடந்தது. முழு ஃபார்மேட் என்றால், விஸ்டா பதிப்பு முதற்கொண்டு வந்த விண்டோஸ் பூஜ்ஜியங்களை எழுதி எல்லாவற்றையும் அழித்திருக்கும். ஆனால் ஃபோட்டோரெக் பழைய பெயரையோ ஃபோல்டரையோ அறியாமல், கோப்பின் தொடக்க அடையாளத்தைப் பார்த்தே மீட்பதால், ‘அக்கா கல்யாணம்’ என்றிருந்த ஃபோல்டரின் படங்கள் இப்போது வெறும் எண்களைப் பெயராகக் கொண்டு சிதறிக் கிடக்கின்றன. படத்துக்குள்ளேயே கேமரா பதிந்து வைக்கும் எக்ஸிஃப் தேதியை வைத்துப் பிரித்து வருகிறேன். டிஸ்க்கின் வெவ்வேறு இடங்களில் துண்டு துண்டாகப் பதிவாகியிருந்த இரண்டு வீடியோக்கள் மட்டும், தாலி கட்டும் காட்சி உட்பட, பாதியிலேயே நின்றுவிடுகின்றன.