‘லவ் ஆஃப்டர் லவ்’ கவிதை உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

மாடிவீட்டுக்காரி

கரீபியத் தீவுக் கவிஞர் டெரக் வால்காட்டின் கவிதைதான். காதல் முறிந்தவரிடம், ஒரு நாள் உன்னையே நீ உன் வாசலில் வரவேற்று, உட்காரவைத்துச் சாப்பாடு போடுவாய் என்று சொல்கிற கவிதை. பதினைந்தே வரி, உங்களுக்கும் யாராவது அனுப்பியிருப்பார்கள். எனக்கு அனுப்பியது சித்தி பெண். சூரியன் மறைகிற படத்தின் மேல் எழுதி, “படிடி, சரியாயிடும்” என்று ஒரு குறிப்போடு. சரியாகவில்லை, எரிச்சல்தான் வந்தது. எல்லாம் முறிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

புது வாடகை வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில், முன்பு குடியிருந்தவர் ஒட்டிவிட்டுப் போன மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று. நான் போய் நின்றால் சரியாக என் நெற்றியில் வந்து உட்காரும். மூன்றாவது வாரம் நகத்தால் சுரண்டினேன். பொட்டு வந்தது, பசை வட்டம் வரவில்லை. அந்த நிமிஷம்தான் கடைசிக்கு முந்தின வரி மண்டையில் ஏறியது. கண்ணாடியிலிருந்து உன் பிம்பத்தை உரித்தெடு என்கிறாரே, அது. ஆனால் ஆரம்பத்தில் கண்ணாடியில்தானே நீயே உன்னை வரவேற்கிறாய், இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறீர்கள்? பிறகு எதற்கு உரிக்கச் சொல்கிறார்? ஒரு வருஷமாக இதே கேள்வி.

பாளையங்கோட்டை வாத்தியார்

வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், “சார், இதுல அந்தப் பொண்ணு எங்க சார்?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, “பாடத்தைக் கவனிலே” என்று உட்காரவைத்துவிட்டேன். ராத்திரி வீட்டில் தேடிப் பார்க்கிறேன், ‘இன்னொருவர்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. பேர் இல்லை, முகம் இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. கடிதங்களையும் போட்டோக்களையும் அலமாரியிலிருந்து இறக்கு என்கிறார். கிழி, எரி என்று எங்கேயும் சொல்லவில்லை. கவிதையின் நடுமுள்ளை அந்தப் பையன் பிடித்துவிட்டான், நான் அதட்டி உட்காரவைத்தேன். இன்னும் உறுத்துகிறது.

மேலே கேட்டவருக்கு: முதலில் கண்ணாடியில் வந்து நிற்பது ஆள். கடைசியில் ஒட்டியிருப்பது, அந்த இன்னொருவர் பார்க்கட்டும் என்று தலைவாரி நின்ற உருவம். உரிக்க வேண்டியது அதைத்தான்.

அரைடம்ளர் அரிசி

என் கதை ஒரு வரிதான். ‘உட்கார், சாப்பிடு’ என்று வரும் இடத்தில் ஓடுகிற பஸ்ஸில் அழுதேன், கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மாடிவீட்டுக்காரி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், கவிதையை ஆராய்ச்சி செய்வதை நிறுத்துங்கள். முதலில் சமையல். ஒரு ஆளுக்கு என்ன சமைப்பது என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதீர்கள். அரை டம்ளர் அரிசி போதும். ரசம் வைத்தால் இரண்டு வேளைக்கு வரும். தட்டில் போட்டுக் கீழே உட்கார்ந்து சாப்பிடுங்கள், அடுப்படியில் நின்றுகொண்டே வேண்டாம். சாயங்காலம் நடங்கள். பழைய மெசேஜ்களைத் திறக்காதீர்கள். அலமாரியிலிருந்து இறக்கு என்று கவிஞர் சொல்லலாம், அவருக்கென்ன, அப்போது அவருக்கு வாட்ஸ்அப் இல்லை. அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போய் வாருங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். கண்ணாடிப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடையுங்கள்.

கோயில்மணி

வாத்தியார் அய்யா காதலியைத் தேடுகிறார், தம்பி ரசம் வைக்கச் சொல்கிறார். ஒயின் கொடு, ரொட்டி கொடு என்ற வரியை இரண்டு பேருமே தாண்டிப் போய்விட்டீர்களே! வால்காட் பிறந்தது செயின்ட் லூசியா தீவில், கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊரில் மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவுக் குடும்பம். ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கவிதை ஒன்று 1633-ல் அச்சானது. அதில் அன்பே விருந்தாளியை அழைத்து உட்காரச் சொல்லும், இவன் எனக்குத் தகுதியில்லை என்று கூசுவான், கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுவான். அந்தப் பந்திதான் இங்கேயும். ஆனால் பரிமாறுகிறவனும் நீ, கூசுகிறவனும் நீ.

நான் இதை மொழிபெயர்த்தபோது ‘அப்பமும் திராட்சரசமும்’ என்றுதான் போட்டேன், சர்ச் ஆராதனையில் தருவது அதுதானே. ஒரு சிற்றிதழில் அதை ‘ரொட்டியும் மதுவும்’ ஆக்கி அச்சடித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு சர்ச்சில் முழந்தாளிட்டுக் கையை நீட்டினேன், அப்பம் உள்ளங்கையில் வந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பாட்டி முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரெண்டாம் பிரதி

கோயில்மணி, மதத்தை இவ்வளவு ஏற்ற வேண்டாம். வால்காட்டுக்கு ரோட்ரிக் என்று இரட்டைச் சகோதரர் உண்டு. தன்னோடு பிறந்த முகமே வாசலில் வந்து சிரிப்பது அந்த வீட்டில் தினசரிக் காட்சி.

நானும் மொழிபெயர்க்கப் பார்த்தேன். உன்னை ‘பை ஹார்ட்’ அறிந்தவர் என்ற சிலேடைக்கு நம்மிடம் மனப்பாடம் இருக்கிறது, அதற்குள் மனமும் இருக்கிறது, தப்பித்தேன். மாட்டியது ‘ஸ்ட்ரேஞ்சர்’. நீ மறந்துபோன உன்னையேதான் கவிஞர் அப்படிச் சொல்கிறார். அந்நியன் என்றால் ஆண், அந்நியள் என்றால் பெண். ஆங்கிலத்தில் இரண்டும் இல்லை. நாலு நாள் அப்படியே கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் மகள் திருக்குறள் ஒன்பதாம் அதிகாரத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்: “முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து.” சாதம் கையிலேயே நின்றது. விருந்து என்றால் புதிது. புதிதாக வந்த ஆளும் விருந்து, அவருக்குப் போடும் சோறும் விருந்து. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. கண்ணாடி முன் முகம் கோணினால் எதிரே நிற்கிற விருந்து வாடிப் போகும்!

பாளையங்கோட்டை வாத்தியார்

குறள் சரி. ஆனால் விருந்தோம்பல் இல்லறவியலில் வருகிறது, வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கில் சொன்னது. இங்கே வீட்டில் இருப்பதே ஒருவர். 1976-ல் ‘ஸீ கிரேப்ஸ்’ தொகுப்பில் இதைச் சேர்த்தபோது கவிஞருக்கு 46 வயது, அந்த வயதுக்காரர்…

கோயில்மணி

சி.எஸ்.ஐ.யில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், அப்பமும் திராட்சரசமும் தருகிற அந்த ஆராதனைக்குப் பேரே திருவிருந்துதான் அய்யா. 1947-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்து உண்டான சபை. நான் சொன்னதும் அதேதான்.

மாடிவீட்டுக்காரி

சண்டை போடுங்கள், படித்துக்கொண்டிருக்கிறேன். தம்பி சொன்ன மாதிரி எண்ணெய் தடவினேன். பசை போய்விட்டது. இப்போது கண்ணாடி முழுக்க எண்ணெய், ஒன்றுமே தெரியவில்லை.