நெய் விடாத அரிசிம்பருப்பா? பேரூர்க்காரருக்கு ஒரு கேள்வி

காங்கயம் காளை:
பேரூர்க்காரர் நேற்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தினமும் 30 கி.மீ. சைக்கிள் மிதித்து ஆறே மாதத்தில் நாக்கு மாறிவிட்டதாம். முன்பு அரிசிம்பருப்புச் சாதத்துக்கு மூன்று கரண்டி நெய் கேட்டவருக்கு, இப்போது ஒரு சொட்டு இல்லாமலே தேவாமிர்தமாக இறங்குகிறதாம். ஏனுங்க, நெய் விடாத அரிசிம்பருப்புக்கு எங்கள் ஊரில் காய்ச்சல்காரன் சாப்பாடு என்று பேர். சைக்கிள் ஓட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? நெய்யை எதற்கு வம்புக்கு இழுக்கிறீர்கள்?

பேரூர்க்காரன்:
நான் நெய்யைத் திட்டவில்லைங்க. ஆலாந்துறைப் பக்கம் போய்த் திரும்பும்போது சட்டையெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு கேட்பது தண்ணீர், உப்பு, சோறு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்த வாசமே எனக்குப் போதுமாக இருக்கிறது. இத்தனை நாள் நெய்தான் அதை மூடி வைத்திருந்தது.

காங்கயம் காளை:
மூடி வைத்திருந்ததா! சரி, கணக்குக்கு வாருங்கள். ஒரு கரண்டி நெய்யில் 120 கலோரி என்று வையுங்கள். 70 கிலோ ஆள் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் மிதித்தால் 500 பக்கம் செலவாகும். உங்கள் மூன்று கரண்டியும் முக்கால் மணி நேரத்தில் காலி. மிதிக்கிறவன்தானே தைரியமாக நெய் விட்டுக்கொள்ள வேண்டும்?

கோபி அம்மணி:
கரண்டி என்றால் எது? மேசைக்கரண்டியா, சாம்பார் ஊற்றும் குழிக்கரண்டியா? அதைச் சொல்லாமலே கணக்குப் போடுகிறீர்கள். நானும் தடப்பள்ளி வாய்க்கால் ஓரமாக வாரம் நான்கு நாள் ஓட்டுகிறேன். வேகமாக ஓட்டிவிட்டு வந்தால் பசியே தெரியாது. கடுமையாக மிதித்ததும் கிரெலின் என்கிற பசி ஹார்மோன் கொஞ்ச நேரம் அடங்கிவிடும். வசூல் எல்லாம் சாயங்காலம்தான். நாலு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தால் மூடுவது கிடையாது. ஆறு மாதத்தில் ஒரு கிலோ ஏறியிருக்கிறேன். நாக்கு மாறியது என்கிறவர்கள் இந்த நாலு மணியைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

ஒற்றைக் கியர்:
1978-ல் இரண்டு பால் கேனைக் கட்டிக்கொண்டு தினமும் பெருந்துறைக்கு மிதித்தவன் நான். வந்ததும் ராகிக் களி, கொள்ளுப் பருப்பு. அதுதான் இருந்தது. ருசித்ததா என்றால் ருசித்தது, பசித்தவனுக்கு எது ருசிக்காது? நெய்யும் வீட்டில் இருந்தது, விற்பதற்கு. உறியில் நெய் இருந்தும் வேண்டாம் என்கிறவன்தான் கண்ணுங்களா, நாக்கைப் பற்றி இவ்வளவு எழுத முடியும்.

உடுமலைக் காற்று:
அதிருக்கட்டும், 30 கி.மீ. எந்தத் திசையில்? ஆடியில் பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். திரும்பிப் போகும்போது தெரியும் சேதி, அதே தூரம்தான், உயிர் போகும். பேரூர்க்காரர் மர நிழலில் உருட்டிவிட்டு, டீக்கடைக்கு ஒதுங்கிய தூரத்தையும் சேர்த்து 30 என்கிறார்.

பேரூர்க்காரன்:
தூரம் பேச நீங்கள் வர வேண்டாம். போன வருஷம் எனக்கு விற்றீர்களே ஒரு சைக்கிள் சீட்டு, இரண்டாம் வாரமே கிழிந்தது. அதையும் ஒரு வரி எழுதலாமே.

உடுமலைக் காற்று:
400 ரூபாய்க்குச் சிம்மாசனமா வரும்?

காங்கயம் காளை:
சீட்டை அப்புறம் பாருங்கள், நெய்க்கு வாருங்கள். சைக்கிள் ருசியைக் கூட்டுகிறது என்றால் நெய்யின் ருசியும் கூடத்தானே வேண்டும்? அது மட்டும் ஏன் குறைகிறது? டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார், இவர் அதைச் சைக்கிள் தலையில் கட்டுகிறார்.

பேரூர்க்காரன்:
டாக்டர் சொன்னது என் சொந்த விஷயம்.

காங்கயம் காளை:
ஆக, சொல்லியிருக்கிறார்!

பேரூர்க்காரன்:
சொன்னார்தான். சொல்லி இரண்டு வருஷம் என்னால் விட முடியவில்லை. மூன்று கரண்டியை இரண்டாக்கிவிட்டு, யாரும் பார்க்காதபோது நான்காவதும் போட்டுக்கொண்டிருந்தேன். மிதிக்க ஆரம்பித்த பிறகுதான் கை தானாக நின்றது. இதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

காங்கயம் காளை:
நேற்று மூன்று, இன்று நான்கு! எண்ணிக்கையே நிலையாக இல்லாதவர் நாக்கைப் பற்றிச் சொன்னால் நான் நம்பணுமா?

கோபி அம்மணி:
எந்தக் கரண்டி என்று கேட்டு அரை நாள் ஆகிறது.

ஒற்றைக் கியர்:
இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. இதில் யார் எது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

காங்கயம் காளை:
கொள்ளுப் பருப்புக்கும் எங்கள் வீட்டில் நெய் உண்டுங்க அப்புச்சி.

உடுமலைக் காற்று:
பேரூர்க்காரரே, சீட்டைக் கொண்டுவந்தால் 150 தருகிறேன். பஸ் செலவு உங்களது.