பழைய ஜெர்மன் தெருப்பலகைகள்: அசலையும் போலியையும் பிரித்தறிந்த அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

பெர்லினில் ஞாயிறுதோறும் கூடும் ஒரு பழம்பொருள் சந்தையில், நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ‘அடால்ஃப் ஹிட்லர் ஷ்ட்ராஸ’ (ஹிட்லர் தெரு) என்றிருந்த பலகையை 350 யூரோ கொடுத்து வாங்கினேன். வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் ஏமாந்தது புரிந்தது. முதலில் காட்டிக்கொடுத்தது திருகாணித் துளை. எனாமல் வேலையில் இரும்புத் தகட்டில் துளையிட்ட பிறகே கண்ணாடித் தூளைப் பூசி ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் சுடுவார்கள் என்பதால், பூச்சு துளையின் உள்விளிம்பு வரை வழிந்து உறைந்திருக்கும். என் பலகையின் துளைக்குள் வெற்று இரும்பு பளபளத்தது. ஓரத்தை ஊசியால் கீறியதும் நீலம் சுருளாக உரிந்து வந்தது. எனாமல் என்பது கண்ணாடி. அது சில்லாகத் தெறிக்குமே தவிர உரியாது. அசல் பலகையில் சில்லு தெறித்த இடத்தைப் பார்த்தால், மேல்நிறத்துக்கும் துருவுக்கும் நடுவே அடிப்பூச்சின் கருமையான வளையம் ஒன்று தெரியும்.

பெயரைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். போருக்குப் பின் ஜெர்மனியை ஆண்ட நேச நாடுகளின் கட்டுப்பாட்டு மன்றம் 1946 மே மாதம் பிறப்பித்த 30ஆம் ஆணை, நாஜி நினைவுச் சின்னங்களோடு அத்தகைய தெருப்பெயர்ப் பலகைகளையும் 1947 ஜனவரி 1ஆம் தேதிக்குள் அகற்றி அழிக்கச் சொன்னது. தப்பியவை சில உண்டு என்றாலும், ஒரே சந்தையில் மூன்று கடைகளில் அதே பெயர் தொங்கும் அளவுக்குத் தப்பியிருக்க வழியில்லை.

முதல் மறுமொழி

நண்பர் பொருளைப் பார்த்தார். நான் எழுத்தைப் பார்ப்பவன். ஃப்ராக்டூர் எனப்படும் உடைந்த கோட்டெழுத்தைக் கண்டதும் ‘போர்க்காலத்தது’ என்று விலையை ஏற்றிச் சொல்லும் வியாபாரிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாஜிக் கட்சியின் உயர் நிர்வாகி போர்மன் 1941 ஜனவரி 3 அன்று அனுப்பிய சுற்றறிக்கை அந்த எழுத்தை ‘யூத எழுத்து’ என்று பழித்து ஒதுக்கியதோடு, தெருப்பலகைகளும் இனிச் சாதாரண ரோமன் எழுத்திலேயே செய்யப்பட வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பழைய பலகைகள் உடனே கழற்றப்படவில்லை; ஆனால் 1943இல் புதிதாகச் செய்தது என்று சொல்லி ஃப்ராக்டூர் பலகையை நீட்டினால் நான் கையைக் கட்டிக்கொள்வேன்.

இன்னொன்று, ஃப்ராக்டூரில் இரண்டு வகை ‘எஸ்’ உண்டு. சொல்லின் இறுதியிலோ கூட்டுச்சொல்லில் ஓர் உறுப்புச்சொல்லின் இறுதியிலோ வருவது உருண்டது. முதலிலும் இடையிலும் வருவது நெட்டையானது. நாஜிகள் தியாகியாகக் கொண்டாடிய ‘ஹோர்ஸ்ட் வெஸ்ஸல்’ என்பவரின் பெயரில் மூன்று ‘எஸ்’ இருக்கின்றன, மூன்றுமே நெட்டையாக வர வேண்டும். கணினி எழுத்துருவை அப்படியே தட்டிச் செய்த ஒரு பலகையில் மூன்றுமே உருண்டையாக நின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். அந்தக் கடைக்காரர் பக்கத்திலிருந்த தலைக்கவசத்தின் ஸ்வஸ்திகாவை மட்டும் சட்டத்துக்கு அஞ்சி ஒட்டுத்தாளால் ஒழுங்காக மறைத்திருந்தார்!

இரண்டாம் மறுமொழி

நான் பெரிய பெயர்களின் பக்கமே போவதில்லை. என்னிடம் இருப்பது ‘பான்ஹோஃப் ஷ்ட்ராஸ’, அதாவது ரயில் நிலையத் தெரு. 40 யூரோவுக்குக் கிடைத்தது. தகடு நடுவில் சற்றே புடைத்து வளைந்திருக்கிறது. எழுத்தின் விளிம்பு விரல் நுனியில் மெல்லத் தட்டுப்படுகிறது. பின்புறத்தையும் எனாமல் மூடியிருக்கிறது. துளைகளைச் சுற்றித் திருகாணியின் தலை அழுத்திய வட்டத்தில் மட்டும் சில்லுகள் போயிருக்கின்றன. சுத்தியலால் தட்டிப் பழமையாக்கியவர்கள் ஓரங்களில்தான் தட்டுவார்கள்.

பெர்லின் தெரு என்று யாராவது சொன்னால், 1943 வரையிலான அந்நகர முகவரிப் புத்தகங்கள் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. அந்தப் பெயரில் தெரு இருந்ததா, எந்த ஆண்டிலிருந்து என்று பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். தொடக்கப் பதிவிட்ட நண்பர் தம் பலகையின் பின்புறப் படத்தையும் இட்டால் நன்றாயிருக்கும்.