மேற்கு ஜன்னல் அறைக்குச் சந்தனமா, இளஞ்சாம்பலா?

கேள்வி:
வணக்கம். கும்பகோணத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மாடியறைக்கு, பட்டி பார்த்துப் பிரைமரும் அடித்தாகிவிட்டது. 10க்கு 12 அடி அறை. மேற்கில் ஒரே ஜன்னல். தரை ரெட் ஆக்சைடு. எனக்கு வெளிர்சந்தன நிறமும் என் மகளுக்கு இளஞ்சாம்பலும் பிடித்திருக்கின்றன. ஷேடு கார்டில் இரண்டுமே நன்றாகத் தெரிவதால் முடிவெடுக்க இயலவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
முதலில் தரையைக் கணக்கில் கொள்ளுங்கள். ரெட் ஆக்சைடு தரையில் படும் வெளிச்சம் செம்மையேறித்தான் சுவருக்குத் திரும்பும் என்பதால், சாம்பல் சுவரின் கீழ்ப்பகுதி ரோஜாச் சாயலில் தெரியும். எங்கள் கூடத்தில் ஐந்து வருடங்களாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சந்தனத்தில் அந்தச் செம்மை உறுத்தாது. ஆனால் நான்கு மணி வெயில் நேரே உள்ளே விழும்போது சந்தனம் நல்ல மஞ்சளாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 2:
விளக்கையும் சேர்த்துப் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்டில் சாம்பல் நீலம் பாரித்துத் தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் ஒளி விளக்கில் சந்தனத்தின் மஞ்சள் இன்னும் ஏறும். ஷேடு கார்டின் கட்டைவிரல் அளவுச் சதுரத்தை நம்ப வேண்டாம். நான்கு சுவர்களிலும் ஏறிய பிறகு ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புவதால், எந்த நிறமும் கார்டில் கண்டதைவிட ஒரு படி அழுத்தமாகவே தெரியும். இரண்டிலும் சிறிய டப்பா வாங்கி, ஜன்னல் இருக்கும் சுவரிலும் அதற்கு எதிர்ச்சுவரிலும் இரண்டடிச் சதுரமாக இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு காலையிலும் மாலையிலும் விளக்கு போட்டும் பாருங்கள். வெளிச்சம் நேரே படாத ஜன்னல் சுவரில்தான் நிறம் மிகவும் மங்கும். இரண்டு நிறங்களையும் ஒட்டி ஒட்டி அடிக்காதீர்கள். சந்தனத்தின் பக்கத்தில் எந்தச் சாம்பலும் நீலமாகத்தான் தெரியும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மூன்று நாட்கள் பார்த்தோம். எதிர்ச்சுவரில் சாம்பல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை ரோஜாச் சாயல் ஏறியதைக் கண்டு, மகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மாலை வெயிலுக்காக, நான் நினைத்திருந்ததைவிட ஒரு படி வெளிறிய சந்தனத்தைக் கலக்கச் சொல்லியிருக்கிறோம். மிச்சமிருக்கும் சாம்பல் டப்பாவை மாடிப்படிச் சுவருக்கு வைத்துக்கொள்ள மகள் கேட்கிறாள். அங்கே தரை வெள்ளை மொசைக்.