புதுப்பிப்பு: அம்மாவின் பாத எரிச்சலுக்குக் காரணம் வைட்டமின் பி12 குறைவு

ராத்திரியில் அம்மாவுக்குப் பாதம் எரிகிறது, போர்வை பட்டாலே தாங்கவில்லை என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மருதாணி அரைத்துப் பூசினால் குளிர்ச்சியாக இருந்தது, விடிவதற்குள் எரிச்சல் திரும்பிவிடும். விளக்கெண்ணெயும் அப்படித்தான். "மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? பி12 பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்கான மாத்திரை; நீண்ட நாள் சாப்பிட்டால் உடலில் பி12 குறையலாமாம். அம்மா 9 வருடமாகச் சாப்பிடுகிறார். இரத்தச் சோதனையில் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 138 பிகோகிராம்தான். 200க்கு மேல் இருக்க வேண்டுமாம். சர்க்கரை கட்டுக்குள் இருந்ததால் எங்களுக்கு இது தோன்றவே இல்லை.

மருத்துவர் பி12 ஊசி போட்டார், மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. ஆறாவது வாரம் எரிச்சல் பாதியானது. இப்போது கால்வரை போர்த்திக்கொண்டு தூங்குகிறார். விரல் நுனியில் மரத்துப்போன உணர்வு மட்டும் இன்னும் இருக்கிறது. எதிர்பாராதது, அடிக்கடி வந்த நாக்குப் புண்ணும் ஆறிவிட்டது.

அப்புறம், ஐஸ் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். உணர்வு குறைந்த பாதத்தில் தோல் புண்ணானாலும் தெரியாது.